ஈர வைக்கோலும் செத்தவர் குடித்த சூப்பும்

ரோலண்ட் கார்சைட் தன் வாழ்நாளில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சரியாகச் சொன்னான் என்பது இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். நாற்பது வருடம் பத்திரிகைகளில் சினிமா விமர்சனம் எழுதினான். அதே நாற்பது வருடமும் எங்கள் ஹம்பர் தியேட்டரில் எந்த வாரம் எந்தப் படம் ஓட வேண்டும் என்று முடிவு செய்தவனும் அவன்தான். இரண்டிலும் அவன் கை வைத்த எதுவும் உருப்பட்டதில்லை. "இந்தப் பையன் பேசாமல் மாமாவின் கம்பளக் கடைக்குப் போகலாம்" என்று அவன் எழுதிய புது நடிகன் பிற்பாடு பரிசு மேல் பரிசாக வாங்கிக் குவித்தான். வீடியோ கேசட் வந்த புதிதில், "வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்க யாருக்கு மனசு வரும்?" என்று எழுதினான். வெளிநாட்டு விழா ஒன்றில் தவறான அரங்குக்குள் போய் உட்கார்ந்து, பார்த்த படத்துக்கு வேறொரு படத்தின் பெயரைப் போட்டு விமர்சனம் எழுதிவிட்டான். இரண்டு இயக்குநர்களும் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள். இப்படிப்பட்டவனை எப்படி நாற்பது வருடம் வைத்திருந்தீர்கள் என்று கேட்டால், அதற்குக் காரணம் அந்த ஒரே ஒரு விஷயம்.

என் பெயர் ஏவ்ரில். தியேட்டரின் நிர்வாகி நான். டிக்கெட், டீ கவுன்ட்டர், ஒழுகும் கூரை எல்லாம் என் தலையில். அவன் படம் போடுவான், நான் அதற்குப் பிறகு பெருக்குவேன்.

அந்த ஒரு விஷயம் 'ஈர வைக்கோல்' என்ற பல்கேரியப் படம். எழுபத்து நாலில் பிரிட்டனுக்கு அதன் பிரிண்ட் ஒன்றே ஒன்று வந்தது, ஆறு டப்பாவில் ஆறு ரீல். மலைக்கிராமத்துக் குடியானவர் ஒருவர், அவர் மகன், ஒரு மாடு, நிறைய மழை. இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் மூன்றாவது ரீலில் அந்தக் கிழவரைப் புதைக்கிறார்கள். நான்காவது ரீலில் அவர் நோயில் விழுந்து சாகிறார். ஐந்தாவது ரீலில் வீட்டுக்குள் வந்து, மகனுக்கு எதிரே உட்கார்ந்து, நிதானமாக ஒரு கிண்ணம் சூப் குடிக்கிறார். மகன் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. ரொட்டியை அவர் பக்கம் தள்ளுகிறான்.

ரோலண்ட் அதைப் பார்த்துவிட்டுப் பித்துப் பிடித்தவனாக வெளியே வந்தான். முதலில் கட்டுரை எழுதினான், பிறகு அதை ஊதிப் புத்தகமாக்கினான்: 'செத்தவரின் சூப்'. காலம் நேராகப் போகிறது என்ற பொய்யை உடைத்த முதல் படம் இது என்றான். பல்கலைக்கழகங்கள் அவனைக் கூப்பிட்டன. ஆறாவது ரீலில் கிழவர் ஏன் காணோம் என்பதைப் பற்றி அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அவர் மறுபடி மண்ணுக்குள் போய்விட்டார் என்றது ஒரு கட்சி. கிண்ணத்தைக் கழுவப் போயிருக்கிறார் என்றது இன்னொரு கட்சி. இந்த இரண்டு கட்சிக்காரர்களும் என் டீ கவுன்ட்டரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கமாட்டார்கள்.

பிறகு அந்த வழக்கம் வந்தது. வருடா வருடம் நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படத்தைப் போடுவோம். வருகிறவர்கள் எல்லோரும் பிளாஸ்கில் சூப் கொண்டுவருவார்கள். கிழவர் கரண்டியைத் தூக்கும்போது இருட்டில் நூற்றைம்பது பிளாஸ்க் மூடிகள் ஒன்றாகத் திறக்கும். அவர் ஒரு வாய், இவர்கள் ஒரு வாய். யாரும் பேசமாட்டார்கள். லண்டனிலிருந்துகூட ரயிலேறி வருவார்கள். லண்டன்காரன் ஹல்லுக்கு வேறெதற்கும் வந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஒருத்தர் பிளாஸ்கில் கஸ்டர்ட் கொண்டுவந்துவிட்டார். அடுத்த வருடம் அவருடைய உறுப்பினர் அட்டையை நாங்கள் புதுப்பிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மறுநாள் திங்கள்கிழமை முழுக்க நான் இருக்கைகளில் காய்ந்த தக்காளியைச் சுரண்டிக்கொண்டிருப்பேன்.

ரோலண்ட் ஓய்வு பெறும் வருடம் வந்தது. எங்கள் தியேட்டர் குழுவின் தலைவி பேராசிரியர் வினிஃப்ரெட் கேஸ். கிண்ணம் கழுவும் கட்சியின் தூண். ரோலண்டின் பிரிவு விழாவுக்கு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்ய வேண்டுமென்று அவர் அங்கே இங்கே விசாரித்து, அந்தப் படத்தை எடுத்த லாசர் பென்கோவ் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"அவரு எப்பவோ செத்துட்டாரே?" என்றான் ரோலண்ட்.

"அப்படின்னு யாரு எழுதினது?" என்று கேட்டேன்.

எண்பத்து மூன்றில் பென்கோவுக்கு அஞ்சலிக் கட்டுரை எழுதியவன் அவன்தான்.

பென்கோவ் வருவதாக ஒப்புக்கொண்டார். சோஃபியா நகரத்து ஆவணக் காப்பகம் தன்னிடமிருந்த மூல நெகடிவைச் சுத்தம் செய்து, பளிச்சென்று ஒரு புதுப் பிரதியும் அனுப்பியது. வினிஃப்ரெட் ஆனந்தத்தில் மிதந்தார். ரோலண்ட் மட்டும் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மீனையும் சிப்ஸையும் பொட்டலத்தைப் பிரிக்காமலே மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

"என்னப்பா உனக்கு?" என்றேன்.

"அவரு என்னோட புத்தகத்தைப் படிச்சிருப்பாரா, ஏவ்ரில்?"

"படிச்சிருந்தா வந்திருக்கவே மாட்டாரு. சாப்பிடு."

பென்கோவ் குட்டையான மனிதர். எண்பது தாண்டிவிட்டது. கை மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. பேச்சை மொழிபெயர்க்கப் பேத்தி ராட்காவைக் கூட்டி வந்திருந்தார். அந்தப் படத்துக்குப் பிறகு யாரும் அவருக்கு வேறு படம் தரவில்லையாம். பால் பண்ணையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறார். ரோலண்டுக்கு ஒரு ஜாடி ஊறுகாய் மிளகாய் கொண்டுவந்து கொடுத்து, அவன் கன்னத்தில் இரண்டு பக்கமும் முத்தம் கொடுத்தார். எங்கள் ஊரில் ஆண்கள் அப்படி முத்தம் வாங்குவது கப்பல் முழுகிப் பிழைத்து வந்தால் மட்டும்தான். ரோலண்ட் முகம் சிவந்து, "வானிலை பரவாயில்லை" என்றான். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பியது. மடிக்கு மடி பிளாஸ்க். ரோலண்டை நடுவரிசையில் உட்காரவைத்து, பக்கத்தில் பென்கோவையும் ராட்காவையும் உட்காரவைத்தோம். ஆபரேட்டர் டெரிக் விளக்கை அணைத்தான்.

முதல் இரண்டு ரீல் அளவுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. பழைய பிரிண்ட்டில் தூறலா கீறலா என்று தெரியாது. இதில் மழை மழையாகவே தெரிந்தது. அடுத்து, கிழவரைப் புதைக்க வேண்டிய இடத்தில், கதவைத் திறந்துகொண்டு கிழவர் உள்ளே வந்தார். உட்கார்ந்தார். கரண்டியைத் தூக்கினார்.

அரங்கத்தில் ஏற்பட்ட குழப்பத்தை எப்படிச் சொல்வேன்? அவர் இன்னும் சாகவில்லை. சாகாதவர் சூப் குடித்தால் குடிக்கலாமா கூடாதா? பாதிப் பேர் பதறிப்போய் மூடியைத் திறந்தார்கள். பாதிப் பேர் அவர்களைப் பார்த்து, "உஸ், இப்ப இல்ல" என்றார்கள். வினிஃப்ரெட் பிளாஸ்க்கைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். பின்வரிசையில் ஒருத்தர் அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டு, அடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் திரையில் கிண்ணம் காலி.

அதற்குப் பிறகு கிழவர் நோயில் விழுந்தார், செத்தார், புதைத்தார்கள். மகன் மாட்டை விற்றான், ஊரை விட்டுப் போனான். வைக்கோல் மழையில் நனைந்தது. யாரும் திரும்பி வரவில்லை. படம் முடிந்துவிட்டது.

நான் பக்கவாட்டுக் கதவருகே நின்றிருந்தேன். நாற்பது வருடமாக அந்தச் சாவைப் பார்க்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்குச் சாவாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் எப்போதும், பொறு, இன்னும் பத்து நிமிடத்தில் சூப்புக்கு வந்துவிடுவார் என்ற எண்ணம் இருக்கும்.

கிழவர் உயிரோடு சூப் குடித்து முடித்தவுடனேயே ரோலண்ட் எழுந்து வெளியே வந்திருந்தான். டீ கவுன்ட்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றவனை, சாவுக் காட்சி வருவதற்குள் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"அவரு உயிரோட சூப் குடிச்சாரு, ஏவ்ரில்."

"எல்லாரும் உயிரோடதான்பா குடிப்பாங்க."

"மூணாவது ரீலும் அஞ்சாவது ரீலும் டப்பா மாறியிருக்கு. துறைமுகத்துல பெட்டி உடைஞ்சிருக்கும், யாரோ எடுத்துக் கையில கெடைச்ச டப்பாவுல போட்டிருப்பான். அவ்வளவுதான். தத்துவம் கித்துவம் ஒண்ணும் கிடையாது. ஒரு கூலிக்காரன் கை மாறிப் போட்டதுக்கு நான் நானூறு பக்கம் விளக்கம் எழுதியிருக்கேன்."

"நீ வாயைத் திறக்கலைன்னா யாருக்குத் தெரியப்போகுது? புதுப் பிரதி கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டுப் போயேன்."

"பக்கத்துல உக்காந்திருக்காரே, அவருக்குத் தெரியுமே!" என்றான். பிறகு, "என் வாழ்க்கையில நான் சரியாச் சொன்னது அது ஒண்ணுதான்" என்றான்.

எனக்கு அவன்மேல் எரிச்சல் வராத நாளே கிடையாது. அன்றைக்கு வரவில்லை. ஒரு கப் டீயைப் போட்டு அவன் பக்கம் தள்ளினேன். அதையும் குடிக்காமல் உள்ளே போனான்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் எங்கள் ஊர் மரியாதைப்படி எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் கொலைவெறி இருந்தது. பென்கோவையும் ராட்காவையும் மேடையில் உட்காரவைத்தோம். வினிஃப்ரெட் மைக்கைப் பிடித்தார்.

"இது கேள்வி இல்ல, சின்னக் கருத்துதான்," என்று ஆரம்பித்தார். "படம் பிரமாதம். ஆனா வரிசையை மாத்தியிருக்கீங்களே, யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

ராட்கா மொழிபெயர்த்தாள். பென்கோவ் யோசித்துவிட்டுப் பதில் சொன்னார்.

"தாத்தா எதையும் மாத்தலையாம். முதல்ல சாப்பிடுவாங்க, அப்புறம் சாவாங்க, அப்புறம் புதைப்பாங்க. எங்க ஊர்ல அப்படித்தான் வழக்கம்ங்கிறாரு."

அரங்கத்தில் ஒரு வருத்தமான முணுமுணுப்பு எழுந்தது. மண்ணுக்குள் போன கட்சியைச் சேர்ந்த, சாதாரணமாக வினிஃப்ரெட்டின் நிழலில்கூட நிற்காத ஒருத்தர் எழுந்து, "மரியாதையோட சொல்றேன், நீங்க எடுத்த படம் இது இல்ல" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த இரண்டு கட்சியும் ஒன்றாகத் தலையாட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நான்தானே எடுத்தேன்?" என்று பென்கோவ் கேட்டதாக ராட்கா சொன்னாள்.

"அதை யாரும் இங்க மறுக்கலை," என்றார் வினிஃப்ரெட் கனிவாக. "ஆனா பாருங்க, எடுத்தவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கணும்னு அவசியம் இல்ல. வயசும் ஆயிடுச்சு. நாங்க வருஷா வருஷம் பார்க்கிறோம். நீங்க கடைசியா எப்ப பார்த்தீங்க?"

எழுபத்து இரண்டில் என்றார் அவர். வினிஃப்ரெட் கூட்டத்தைப் பார்த்து, கவனித்தீர்களா என்பதுபோலக் கையை விரித்தார்.

எங்கள் தியேட்டர் குழுவில் உறுப்பினர்களுக்குள் சச்சரவு வந்தால் கை தூக்கி முடிவு செய்வது வழக்கம். டீ விலையிலிருந்து கழிப்பறைச் சுவரின் வண்ணம் வரை அப்படித்தான். எது உண்மையான 'ஈர வைக்கோல்' என்பதையும் அப்படியே முடிவு செய்துவிடலாம் என்று யாரோ சொல்ல, உடனே இன்னொருவர் வழிமொழிந்தார்.

மேடையில் பென்கோவ் பேத்தியின் காதில் ஏதோ கேட்டார். அவள் சங்கடத்தோடு மைக்கில் சொன்னாள்: "அவருக்கு ஓட்டு உண்டான்னு கேட்கிறாரு."

"உறுப்பினருக்கு மட்டும்தான்," என்றார் வினிஃப்ரெட். பிறகு பெருந்தன்மையாக, "ஆனா விருந்தாளி இல்லையா, இன்னிக்கு ஒரு நாளைக்கு உறுப்பினரா எடுத்துக்கலாம். ஆட்சேபணை யாருக்காவது?"

யாருக்கும் இல்லை. பழைய வரிசைக்குத் தூக்கிய கைகளை எண்ண முடியாமல் வினிஃப்ரெட் விட்டுவிட்டார். புது வரிசைக்கு ஒரே ஒரு பெரிய கை உயர்ந்தது.

"கடுமையான போட்டி, மிஸ்டர் பென்கோவ்," என்றார் வினிஃப்ரெட்.

நான் கூட்டத்தில் ரோலண்டைத் தேடினேன். அவன் கை தூக்கவில்லை. கையை மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பெயர் பிழைத்துவிட்டது, அவன் எதுவும் செய்யாமலே. எழுந்து நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பிரிவுரைக்காக வினிஃப்ரெட் அவனை மேடைக்குக் கூப்பிட்டபோது அப்படித்தான் செய்வான் என்று நினைத்தேன். மேடையேறியவன் மைக்கை வாங்கி, பென்கோவைப் பார்த்தபடி பேசினான்.

"இவர் சொல்றதுதான் சரி. டப்பா மாறிப்போச்சு. நாற்பது வருஷமா நான் உங்களுக்குத் தப்பான படத்தைக் காட்டி, அதுக்குத் தப்பான விளக்கத்தையும் சொல்லியிருக்கேன். மன்னிச்சுடுங்க."

முன்வரிசையில் ஒருத்தர் கெக்கெக்கே என்று சிரித்தார். அது அப்படியே பின்னால் பரவியது.

"ஏங்க, நான் நிஜமாத்தான் சொல்றேன். அது வெறும் தவறு."

"வெறும் தவறு!" என்று வினிஃப்ரெட் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கேட்டீங்களா? போற நாளிலும் நமக்குச் சவால் விட்டுட்டுப் போறாரு!"

"சவால் இல்ல, வினிஃப்ரெட்! அந்தப் புத்தகம் மொத்தமும் குப்பை!"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். இப்படி ஒரு கைதட்டலை அந்தக் கூரை தாங்குமா என்று எனக்குப் பயமாகிவிட்டது. அவன் கத்தக் கத்த அவர்கள் தட்டினார்கள். நாற்பது வருடமாக அவன் தப்பாகச் சொன்ன ஒன்றை எல்லோரும் நம்பினார்கள். இப்போது சரியாகச் சொல்கிறான், இதை நம்பமாட்டேன் என்கிறார்கள். பிறகு அவன் கையில் பிரிவுப் பரிசைத் திணித்தார்கள். வெள்ளியில் செய்த சூப் கரண்டி, பெயர் பொறித்தது. அதற்கப்புறம் எல்லோரும் நின்றபடியே ஆறிப்போன சூப்பைக் குடித்துவிட்டு, இதுவரை நடந்ததிலேயே சிறந்த விழா இதுதான் என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போனார்கள்.

மணி ஐந்துகூட ஆகவில்லை. நான் குப்பைப் பையோடு உள்ளே வந்தபோது மேடை விளிம்பில் ரோலண்ட் கரண்டியோடு உட்கார்ந்திருந்தான். பென்கோவ் எழுந்து போகாமல் பழைய இடத்திலேயே இருந்தார்.

"இவங்கள்ல ஒருத்தர்கூட நம்பலை பாரு," என்றான் ரோலண்ட் என்னிடம்.

பென்கோவ் பேசினார். ராட்கா அவர் சொன்னதைச் சொன்னாள்.

"தாத்தா நம்புறாராம். ஆனா ஒரு சந்தேகம் கேட்கிறாரு. உங்க பழைய பிரதியில புதைச்ச அப்புறமும் அவர் வீட்டுக்கு வர்றாரா?"

"வர்றாரு," என்றான் ரோலண்ட் தலையைத் தூக்காமல்.

"வந்து சாப்பிடுறாரா?"

"ஒரு கிண்ணம் முழுசா."

பென்கோவ் தன் பெரிய கைகளைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, அதைக் கொஞ்சம் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

டெரிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பும் நேரம். மேல்மாடிக்குப் போய் நான் கேட்டதும் முணுமுணுத்துக்கொண்டே பழைய ரீல்களைத் தூக்கி மாட்டினான். அந்தப் பெரிய அரங்கத்தில் நாங்கள் நாலே பேர். பென்கோவுக்கு ஒரு பக்கம் ராட்கா, மறுபக்கம் ரோலண்ட். நான் அவர்களுக்குப் பின்வரிசையில், குப்பைப் பையை மடியில் வைத்துக்கொண்டு.

புதைக்கிற காட்சியில் பென்கோவ் அசையவே இல்லை. சாகிற காட்சியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் ராட்கா எங்களிடம் மெதுவாகச் சொன்னாள். அந்தப் படத்தில் கிழவராக நடித்தவர் நடிகர் இல்லை, தாத்தாவின் சொந்த அப்பா. நடிகருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் அவரையே நடிக்க வைத்தாராம். படப்பிடிப்பு முடிந்த அந்தக் குளிர்காலத்திலேயே, படத்தில் வருகிற அதே கட்டிலில், அவர் நிஜமாகவே செத்துப்போனார். பிறகு இன்றைக்குவரை தாத்தா அந்தப் படத்தைத் திறந்து பார்க்கவில்லை.

ரோலண்ட் எதுவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் திரையில் கதவு திறந்தது. கீறல் மழைக்கு நடுவே கிழவர் உள்ளே வந்து, ஈரக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, மகனுக்கு எதிரே உட்கார்ந்தார். மகன் ரொட்டியைத் தள்ளினான். அவர் கரண்டியைத் தூக்கினார். பென்கோவ் முன் இருக்கையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

ரோலண்டுக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கு எப்படியாவது உண்மையை ஒருத்தர் காதிலாவது போட்டுவிட வேண்டுமென்று இருந்தான். அவர் பக்கம் சாய்ந்து, "மிஸ்டர் பென்கோவ், இது தப்பு. உங்களுக்கே தெரியும். டப்பா மாறினதால வந்த தப்பு, அவ்வளவுதான்," என்றான்.

பென்கோவ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஏதோ சொன்னார். ராட்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரோலண்டின் பக்கம் திரும்பினாள்.

"சத்தம் போடாதீங்க, எங்கப்பா சாப்பிடுறாருங்கிறாரு."